கிண்ணத்தில் ஏறிய கப்பல்

அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. மாம்பழமும் ஜவ்வரிசியும் இல்லாத சேலம். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடலோர ஊர். அங்குள்ள பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பெரிய பீங்கான் கிண்ணம் ஒன்று உண்டு. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, மசாலா, வெந்நீர் எல்லாம் கலந்து 'பஞ்ச்' என்று குடிப்பார்களே, அதை ஊற்றி வைத்து நாலைந்து பேர் சுற்றி நின்று மொண்டு குடிக்கிற கிண்ணம். அதில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல் வரையப்பட்டிருக்கிறது. 'கிராண்ட் டர்க்' என்று கப்பலின் பெயர், கான்டன் என்று ஊர், 1786 என்று ஆண்டு.

எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பி என்ற சேலத்து வணிகரின் கப்பல் அது. நியூ இங்கிலாந்திலிருந்து சீனாவுக்குப் போன முதல் கப்பலும் அதுதான். அது கான்டனுக்கு வந்தபோது பின்குவா என்ற சீன வணிகர் கப்பல் தலைவர் எபனேசர் வெஸ்ட்டுக்கு இந்தக் கிண்ணத்தைப் பரிசாகக் கொடுத்தார். கல்யாண வீட்டில் மணமக்கள் பெயர் பொறித்து எவர்சில்வர் குத்துவிளக்கு கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் கிண்ணத்தில் இருப்பது கிராண்ட் டர்க் இல்லை. அது 'ஹால்' என்ற ஆங்கிலேயக் கப்பல். லிவர்பூல்காரர் வில்லியம் ஹட்சின்சன் 1777-இல் வெளியிட்ட கப்பல் நூல் ஒன்றில் ஹாலின் செதுக்குப் படம் இருந்தது. அந்தப் படம் எப்படியோ கான்டனுக்குப் போய், ஒரு பட்டறைக்கு வந்து சேர்ந்தது. சீன ஓவியர் அதைப் பார்த்து வரைந்தார், கொடியை மட்டும் மாற்றினார், பெயரை எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1784-இல், நியூயார்க்கிலிருந்து 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா' என்ற கப்பல் சீனாவுக்கு வந்திருந்தது. அதன் தலைவர் ஜான் கிரீனின் பெயர் தாங்கிய கிண்ணத்திலும் மிதப்பது இதே ஹால்தான்.

ஹட்சின்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. லிவர்பூல் கப்பல்துறையின் பொறுப்பாளராக இருந்தவர் அவர். 1764-இலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓதம் ஏறுவதையும் அதன் உயரத்தையும் விடாமல் அளந்து எழுதிவைத்தார். கடல்மட்டம் எப்படி மாறிவந்திருக்கிறது என்று ஆராய்பவர்கள் இன்றும் அந்த ஏடுகளைப் புரட்டுகிறார்கள். அளவில் அவ்வளவு கறாரான மனிதரின் புத்தகத்துப் படம், ஊர் பேர் மாறி, அமெரிக்கக் கொடி ஏந்தி, சாராயக் கிண்ணத்தில் உலகம் சுற்றியிருக்கிறது.

படத்தை நம்ப முடியாது என்றால் அந்தக் கிண்ணத்தில் வேறு எதை நம்புவது? மண்ணையும் நிறத்தையும் சூளையின் சூட்டையும் நம்பலாம். அவற்றை யாரும் வேறொரு புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. இந்தக் கிண்ணம் நெருப்பை ஒருமுறை அல்ல, இரண்டு முறை கண்டது. முதல் நெருப்பு உள்நாட்டில், கடலையே பார்த்திராத ஓர் ஊரில். இரண்டாவது நெருப்பு கான்டனில். கப்பல் பிறந்தது இரண்டாவது நெருப்பில். அந்த வித்தியாசம் இந்த அத்தியாயத்தின் கடைசிவரை நம்மோடு வரும்.

*

முதல் நெருப்பின் ஊர் ஜிங்தெஜென், ஜியாங்சி மாகாணத்தில். அதன் அருகே காவ்லிங் என்று ஒரு மலை. 'உயர்ந்த முகடு' என்று அர்த்தம். அங்கே வெட்டிய வெள்ளைக் களிமண்ணுக்கு உலகம் முழுக்க இன்று கயோலின் என்று பெயர். நாம் சீனக்களிமண் என்கிறோம். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணிலும் இது கிடைக்கிறது. நம்முடைய 'பீங்கான்' என்ற சொல் மட்டும் சீனத்திலிருந்து வரவில்லை. பாரசீகத்தில் கிண்ணத்துக்குப் பெயர் பிங்கான். பொருள் ஓர் ஊரிலிருந்தும் பெயர் இன்னோர் ஊரிலிருந்தும் வருவது கடல் வணிகத்தில் சகஜம். ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது, ஐரோப்பியர் வருவதற்குச் சில நூற்றாண்டுகள் முந்திய சீனப் பீங்கான் ஓடுகள் மண்ணிலிருந்து பளபளவென்று வெளியே வந்தன.

கயோலினை மட்டும் வைத்துக் கிண்ணம் செய்ய முடியாது. 1300 டிகிரி செல்சியஸில் கூட அது உருகாது, பொரபொரவென்று நின்றுவிடும். இன்னொரு சரக்கு வேண்டும். குவார்ட்ஸும் அப்பிரக வகையும் கலந்த ஒரு கல். நீர்ச்சக்கரம் சுழற்றும் உலக்கைகளால் அதை இடித்து, மாவாக்கி, தொட்டியில் கரைத்து, தெளியவிட்டு, அடியில் நிற்பதைச் சிறு செங்கல்போல் அறுத்து விற்பார்கள். சீனத்தில் அதற்குப் பெயரே 'சிறு வெள்ளைக் கட்டி'. இந்தக் கல் சூட்டில் இளகிக் கண்ணாடியாகும். கல்லை மட்டும் வைத்துச் செய்தால் கிண்ணம் சூளைக்குள்ளேயே படுத்துவிடும்.

பிரான்ஸ்வா சேவியர் தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த ஊரில் இருந்துகொண்டு 1712-இலும் 1722-இலும் இரண்டு நீண்ட கடிதங்கள் எழுதினார். தொழில் ரகசியம் ஐரோப்பாவுக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. களிமண்தான் எலும்பு, கல்மாவு சதை என்று ஊர்க்காரர்கள் அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். கல்கட்டியை மட்டும் வாங்கிப் போய்ப் பீங்கான் செய்யப் பார்த்த வெளிநாட்டாரை, எலும்பில்லாமல் வெறும் சதையால் உடம்பு செய்யப் போனவர்கள் என்று அவர்கள் சிரித்ததையும் எழுதுகிறார். சூளைக்குள் நடப்பதை வேதியியல் இன்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

சூடு 550 டிகிரியை ஒட்டி வரும்போது கயோலின் படிகத்துக்குள் கட்டுண்டிருந்த நீர் ஆவியாகிப் போகிறது. பானை ஈரம் காய்வது போலல்ல. படிகத்தின் அமைப்பே குலைகிறது. ஆயிரம் டிகிரியைத் தாண்டியதும் அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் புதிய கணக்கில் சேர்ந்து முல்லைட் என்ற படிகம் முளைக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாக, வைக்கோற்போர் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். அந்த இடைவெளிகளில் இளகிய கல் கண்ணாடியாகப் பாய்ந்து நிரம்புகிறது. எலும்பு, சதை. 1300 டிகிரியை ஒட்டி வரும்போது துளைகள் அடைபடுகின்றன. கிண்ணம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது. பெரிய கிண்ணம் என்றால் இந்த நேரம்தான் ஆபத்து. விளிம்பு ஒரு பக்கம் தொய்ந்தால் போச்சு.

நம் ஊர் மண்பானை இந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை. ஆயிரம் டிகிரிக்குக் கீழேயே அதன் வேலை முடிந்துவிடும். துளைகள் திறந்தே இருக்கும். அதன் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பீங்கானில் அந்தத் துளைகள் இல்லை. பாத்திரக்கடையில் கப் வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறோமே, 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் உள்ளே கண்ணாடியும் படிகமும் இடைவெளியில்லாமல் பிணைந்திருக்கிறது என்று பொருள். விரிசல் இருந்தால் அதிர்வு அங்கே உரசி அடங்கிவிடும். 'டப்' என்று கேட்கும். ஆயிரக்கணக்கான ரூபாய்க் கருவி செய்யும் சோதனையைக் கடைக்காரர் ஒரு விரலில் முடித்துவிடுகிறார்.

இந்த முதல் நெருப்பைத் தாங்கும் நிறங்கள் மிகக் குறைவு. நம்பிப் போடக்கூடியது கோபால்ட் ஒன்றுதான். கிண்ணம் காய்ந்ததும், சுடாத வெறும் மண்ணின் மேல், கோபால்ட் தாதுவைக் கரைத்துத் தூரிகையால் வரைவார்கள். மண் சட்டென்று நீரை இழுத்துக்கொள்ளும். காய்ந்த சுண்ணாம்புச் சுவரில் மையால் எழுதுவது போல. கை ஒருமுறை நடுங்கினால் நடுங்கியதுதான், அழிக்க வழியில்லை. வரையும்போது நிறம் சாம்பல் கலந்த கருப்பு. பார்க்க ஒன்றுமே இருக்காது. அதன்மேல் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி, சுடுமண் பெட்டிக்குள் வைத்து, சூளையில் அடுக்கி எரித்தால் திறக்கும்போது நீலம். கோபால்ட் அயனி கண்ணாடிக்குள் கரைந்து, நான்கு ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்காருகிறது. அப்படி உட்கார்ந்ததும் ஒளியில் மஞ்சளையும் ஆரஞ்சையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு நீலத்தைத் திருப்பி அனுப்புகிறது.

இந்த நீலம் கிளேஸுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் மேலே உள்ள கண்ணாடியை உடைத்தாக வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

அப்படியானால் கிராண்ட் டர்க்கை ஏன் ஜிங்தெஜென்னிலேயே நீலத்தில் வரையவில்லை?

காரணம் இரண்டு. கோபால்ட் கோடு இளகிய கிளேஸுக்குள் லேசாகக் கசியும். மலை, மேகம், மூங்கில் என்றால் அந்தக் கசிவே அழகு. பாய்மரத்திலிருந்து இறங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகளைச் செதுக்குப்படத்தில் உள்ளபடி மயிரிழையாகக் காட்ட அது தோதுப்படாது. இரண்டாவது காரணம் நேரம். அந்நியக் கப்பல் வந்து, சரக்கு வாங்கி, பருவக்காற்று திரும்பும்போது கிளம்பிவிடும், சில மாதங்கள்தான். உள்நாட்டுக்கு ஆள் அனுப்பிப் படம் கொடுத்து வரைந்து வாங்க அவகாசமில்லை. 1757-க்குப் பிறகு ஐரோப்பியருக்குக் கான்டன் ஒன்றே திறந்த துறைமுகம், அங்கும் ஆற்றங்கரையில் ஒதுக்கிய ஒரு துண்டு நிலத்துக்கு வெளியே அவர்கள் இஷ்டத்துக்கு நடமாட முடியாது.

ஆகவே ஜிங்தெஜென்னில் வெள்ளை வெளேரென்று சுட்டெடுத்த வெற்றுக் கிண்ணங்கள் தெற்கே பயணம் வந்தன. ஆற்றுப் படகில் போயாங் ஏரிக்கு, அங்கிருந்து கான் ஆற்றில் எதிர்நீச்சலாக மேலே, பிறகு மெய்லிங் கணவாயில் சுமைகூலிகளின் தோளில், மறுபக்கம் மீண்டும் படகில் கான்டனுக்கு. அங்கே எதிர்க்கரையில் ஹோனாம் தீவில் ஓவியப் பட்டறைகள் இருந்தன. 1769-இல் வில்லியம் ஹிக்கி என்ற ஆங்கில இளைஞர் அந்தப் பட்டறை ஒன்றைப் போய்ப் பார்த்தார். நீண்ட கூடம் ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்டோர் குனிந்து வரைந்துகொண்டிருந்தார்களாம். தள்ளாத கிழவர்களும் ஆறேழு வயதுச் சிறுவர்களும்கூட. ஒருவர் கோடு, ஒருவர் நிறம், ஒருவர் பொன் விளிம்பு என்று வேலை பிரிந்திருக்கும். ஜிங்தெஜென்னில் ஒரு பாத்திரம் எழுபது கைகளைத் தாண்டி வருகிறது என்று தாந்த்ரகோல் எழுதினார். அதற்குப் பிறகு இந்தக் கைகள்.

சுட்டு முடித்த கிளேஸின் மேல் வரைவது வேறு கலை. மண் போல அது நீரை உறிஞ்சாது; பிழையானால் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப வரையலாம். நிறம் கிளேஸில் ஒட்ட வேண்டும், ஆனால் அடியிலுள்ள கிண்ணம் இளகக் கூடாது. அதற்குச் சீக்கிரம் இளகும் கண்ணாடிப் பொடி தேவை. ஈயம் அந்த வேலையைச் செய்கிறது. ஈயம் சேர்த்த கண்ணாடி 700, 800 டிகிரியிலேயே இளகி, ஓடி, பளபளத்து நின்றுவிடும். இதைத்தான் எனாமல் என்கிறோம். சின்னச் சூளையில் சுடலாம். ஊரின் நடுவே வைத்துக்கொள்ளலாம். இரண்டொரு நாளில் கையில் கிடைக்கும்.

சூடு குறைந்ததும் நிறங்களின் பட்டியல் நீண்டுவிட்டது. செம்பால் பச்சை. இரும்பு ஆக்சைடால் செங்கல் சிவப்பு. இதற்கு ஈயக் கண்ணாடி கொஞ்சமே சேர்ப்பதால் அது கிளேஸின் மேல் பொடி படிந்ததுபோல மெலிதாக நிற்கும், சீக்கிரம் தேயும். கயிறுகளுக்கும் பாய்மரங்களுக்கும் மாங்கனீஸ் நிறைந்த தாதுவிலிருந்து கருப்பு. ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்து பால்வெள்ளை. மாலை வானத்து இளஞ்சிவப்புக்குத் தங்கம்.

ஆமாம், தங்கம்தான். 1720-களில் சீனப் பீங்கானில் புகுந்த ரோஜா நிறம், கண்ணாடிக்குள் சிதறிய தங்கத் துகள்களால் வருவது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் சில பத்துகளை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு பொடியான துகள். அந்த அளவில் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. துகளின் மேல்பரப்பில் உள்ள எலெக்ட்ரான்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் சாய்ந்து ஊஞ்சலாடுகின்றன; அந்த ஊஞ்சலின் தாளத்தோடு பச்சை ஒளியின் தாளம் பொருந்துவதால் பச்சை விழுங்கப்படுகிறது; நம் கண்ணுக்குச் சிவப்பு வந்து சேர்கிறது. தங்கத்தை நுண்துகளாக்கிக் கரைசலில் மிதக்கவிட்டு மைக்கேல் பாரடே இதை ஆராய்ந்து சொன்னது 1857-இல். கான்டன் பட்டறையில் தூரிகை பிடித்த சிறுவன் அதற்கு முன்பே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நானோ துகள்களைப் பூசிக்கொண்டிருந்தான். கடைசியாகக் கிண்ணத்தின் விளிம்பில் போடும் பொன்வரி மட்டும் உலோகத் தங்கமாகவே நிற்கும். பொன்விளிம்பு போட்ட கப்பை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சடசடவென்று பொறி பறக்கப் பார்த்தவர்களுக்கு அது உலோகம் என்பதை நான் நிரூபிக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு கப் அப்படித்தான் தன் விளிம்பை இழந்தது.

*

பட்டறைக்காரர் பார்வையில் யோசித்துப் பார்த்தால் ஹால் விவகாரம் அவ்வளவு பெரிய மோசடியாகத் தெரிவதில்லை. கப்பல்கள் நின்றது வாம்போவாவில், ஆற்றில் பத்துப் பன்னிரண்டு மைல் கீழே. ஓவியர் அங்கே போய்க் கப்பலைப் பார்த்து வரையலாம். எதற்கு? கையில் நல்ல படம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு வேண்டியது கொடியும் பெயரும் ஆண்டும். கொடி காலியாக விட்ட கப்பல்களை முன்கூட்டியே வரைந்து வைத்து, ஆள் வந்ததும் கொடியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டூடியோவில் ஒரே தாஜ்மகால் திரைச்சீலைக்கு முன் ஊரே படம் எடுத்துக்கொண்டதைப் பார்த்த தலைமுறைக்கு இது புரியும். 'ஃப்ரைபர்க்' என்ற டச்சுக் கப்பலின் தலைவர் யாகோப் ரைசிக் பெயரும் 1756-ஆம் ஆண்டும் எழுதிய தட்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கப்பலில் திரும்புகிறவருக்கு அது 'நானும் சீனா போனேன்' என்ற சாட்சி. கயிறு சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று மாலுமி பார்த்திருப்பார். வீட்டில் விருந்துக்கு வந்தவர் பார்த்திருக்க மாட்டார்.

உண்மையிலேயே நேரில் வரைந்த படங்களிலிருந்து பிறந்த பாத்திரங்களும் உண்டு. ஜார்ஜ் ஆன்சன் 'செஞ்சூரியன்' கப்பலில் உலகைச் சுற்றியபோது ஸ்கர்வி நோயால் ஆட்களைக் கொத்துக் கொத்தாக இழந்து, பசிபிக்கின் டினியன் தீவில் ஒதுங்கினார். அங்கே ஈரப்பலா அவர்களைக் காப்பாற்றியது. 1743-இல் ஸ்பானியர்களின் வெள்ளிக் கப்பலைப் பிடித்துக்கொண்டு கான்டன் வந்தவர், ஊரில் தீப்பிடித்தபோது தன் ஆட்களை விட்டு அணைக்க உதவினார். இங்கிலாந்தின் ஷக்பரோ மாளிகையில் இருக்கும் அவருடைய பீங்கான் வரிசையில் நடுவே ஈரப்பலா மரம். கப்பல் அதிகாரி பியர்சி பிரெட் வரைந்த ஓவியத்தை ஒட்டியது. விளிம்பில் ஒரு பக்கம் பிளிமத் துறை, மறுபக்கம் முத்து ஆறு. பசியில் உயிர் கொடுத்த காயை விருந்துத் தட்டில் வரையச் சொன்ன மனிதரின் மனத்தை என்னால் கொஞ்சம் புரிந்துகொள்ள முடிகிறது.

இன்னொரு வகை, கான்டன் கரையில் வரிசையாக நின்ற அந்நிய வணிகக் கூடங்களைச் சுற்றிச் சுற்றி வரைந்த பஞ்ச் கிண்ணங்கள். ஒவ்வொரு கூடத்தின் முன்னும் ஒரு கொடிக்கம்பம். ஆண்டு எழுதாத கிண்ணத்துக்கு வயது கணிக்க அந்தக் கொடிகள் போதும். அமெரிக்கக் கொடி இருந்தால் 1784-க்கு முந்தியது அல்ல. ஸ்பெயின் 1785-இல் சிவப்பு, மஞ்சள், சிவப்புக் கொடிக்கு மாறியது. பிரான்ஸ் வெள்ளைக் கொடியை விட்டு மூவண்ணத்துக்கு வந்தது 1790-களில். அமெரிக்கக் கொடியும் பிரான்சின் வெள்ளைக் கொடியும் ஒரே கரையில் பறந்தால் அந்தக் காட்சி 1780-களின் பிற்பாதி என்று சொல்லலாம். காட்சி என்றுதான் சொன்னேன், கிண்ணம் என்று சொல்லவில்லை. ஹாலைப் பத்து வருடம் கழித்து வரைந்த அதே கைகள் பழைய கொடியையும் பார்த்து வரைந்திருக்கக்கூடும். கொடியால் 'இதற்கு முன் இல்லை' என்று உறுதியாகச் சொல்ல முடியும். 'இதற்குப் பின் இல்லை' என்பதை எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். அந்தக் கூடங்கள் 1822-இல் பெருந்தீயில் எரிந்துபோயின.

*

இத்தனை அலங்காரக் கிண்ணங்களைப் பேசிவிட்டதால் கப்பல்கள் பீங்கானுக்காகவே சீனா போயின என்று தோன்றலாம். இல்லை. தேயிலைக்காகப் போயின. தேயிலை லேசு, நீர் பட்டால் கெட்டது. கப்பலோ அடிப்பகுதியில் கனம் இல்லாமல் நேராக நிற்காது. கனமாகவும் இருக்க வேண்டும், அடியில் தேங்கும் கடல்நீரில் ஊறினாலும் கெடக் கூடாது, கரை சேர்ந்ததும் விற்கவும் வேண்டும். இந்த மூன்றுக்கும் பீங்கானைப் போலப் பொருந்தும் சரக்கு குறைவு. பெட்டி பெட்டியாக அதை அடியில் பரப்பி, அதன்மேல் தேயிலையை அடுக்கினார்கள். துளையில்லாத முல்லைட்டும் கண்ணாடியும் கப்பலுக்குத் தளவரிசைக் கல்லாக வேலை பார்த்தன. அந்த மொத்தச் சரக்கு அநேகமாக நீலப் பாத்திரம்தான். கப்பல் படம், குடும்பச் சின்னம் போட்டவை எல்லாம் கப்பல் தலைவரும் அதிகாரிகளும் தங்கள் சொந்தக் கணக்கில் ஏற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட இடத்தில் வந்தவை.

1751 டிசம்பரில் 'கெல்டர்மால்சன்' என்ற டச்சுக் கப்பல் இப்படித் தேயிலையும் பீங்கானும் ஏற்றிக் கான்டனிலிருந்து கிளம்பியது. 1752 ஜனவரி 3 அன்று தென்சீனக் கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. இருந்த 112 பேரில் 32 பேர்தான் பிழைத்தார்கள். 1985-இல் தனியார் மீட்புக் குழு ஒன்று அதைக் கண்டுபிடித்து, ஏறக்குறைய 1,60,000 பீங்கான் பொருள்களை மேலே கொண்டுவந்தது. மறுஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. முறையான அகழாய்வு இல்லாமல் அள்ளியெடுத்ததால் கப்பலைப் பற்றிய எத்தனையோ செய்திகள் போய்விட்டன என்று கடல் தொல்லியலாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஏல அட்டவணையில் தட்டுகளின் எண்ணிக்கை இருக்கும். எந்தப் பெட்டி எதன் மேல் கிடந்தது என்பது இருக்காது.

பீங்கான்கள் பெரும்பாலும் பிழைத்ததற்குக் காரணம் தேயிலை. மேலே இருந்த தேயிலை ஊறி, அமுங்கி, அழுகி, தடித்த மெத்தைபோலப் பாத்திரங்களை மூடிக்கொண்டது. மணல் உரசவில்லை, சிப்பியும் பவளமும் வேரூன்றவில்லை. விலை உயர்ந்த சரக்கு தன்னை அழித்துக்கொண்டு அடியில் கிடந்த மலிவுச் சரக்கைக் காத்திருக்கிறது.

எல்லாவற்றையும் அதனால் காக்க முடியவில்லை. அந்தச் சரக்கில் 'இமாரி' வகைத் தட்டுகள் இருந்தன. கோபால்ட் நீலம் கிளேஸுக்கு அடியில், இரும்புச் சிவப்பும் பொன்னும் கிளேஸுக்கு மேல். 233 ஆண்டுகள் கழித்து மேலே வந்தபோது நீலம் நேற்று வரைந்ததுபோல இருந்தது. சிவப்பும் பொன்னும் பல தட்டுகளில் போயே போய்விட்டன. பூச்செடியின் நீல இலைகள் இருக்கின்றன. பூ இருந்த இடம் வெள்ளை.

இதில் புதிர் ஒன்றுமில்லை. அடியிலுள்ள கிளேஸ் உயர்சூட்டில் பிறந்த கண்ணாடி; சிலிக்கா மிகுதி, அலுமினாவும் சுண்ணாம்பும் அதைப் பிணைத்திருக்கின்றன. நீர் அதற்குள் நுழைய வழி தேடித் தேடிக் களைத்துவிடும். எனாமலோ ஈயத்தால் சீக்கிரம் இளகவைத்த கண்ணாடி. சிலிக்கா வலை தளர்வானது. நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனி உள்ளே புகுந்து, அங்கிருக்கும் உலோக அயனிகளை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. மேல்பரப்பு மங்கி, பூத்து, ஏடு ஏடாக உரிகிறது. எந்தக் குணத்தால் அதைக் கான்டனில் அவசரமாகச் சுட முடிந்ததோ அதே குணத்தால் கடல் அதைக் கரைத்தது.

ஆக, கிராண்ட் டர்க் கிண்ணம் வழியில் மூழ்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது சொல்லிவிடலாம். கிண்ணம் கிடைத்திருக்கும். தட்டினால் டிங் என்று ஒலித்திருக்கும். கப்பல், கொடி, பெயர், ஆண்டு எதுவும் இருந்திருக்காது. மூழ்கிய தட்டுகளை ஆராய்பவர்கள் இருட்டு அறையில் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடிப்பார்கள். எனாமல் ஒட்டியிருந்த இடத்தில் கிளேஸின் பளபளப்பு சற்றே மங்கியிருக்கும். சாய்ந்த ஒளியில் அந்த மங்கல் ஒரு கோட்டுருவமாகத் தெரியும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். ஹாலின் ஆவியை அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும்.

கெல்டர்மால்சனில் கிடைத்த தட்டுகளில் ஒரு வரிசைக்கு ஏலக்காரர்கள் 'படகோட்டியும் ஆறு பூ விளிம்பும்' என்று பெயர் வைத்தார்கள். ஆற்றுக் காட்சி, கரையில் வீடு, மரம், தூரத்தில் மலை. தண்ணீரில் சிறு படகு, அதில் ஓர் ஆள். நாலைந்து தூரிகை வீச்சுதான், முகம்கூடக் கிடையாது. பீரங்கி இல்லை, கொடி இல்லை, பெயர் எழுதவில்லை. ஜிங்தெஜென்னில் யாரோ ஒருவர், கடலைப் பார்த்திராதவர், சுடாத மண்ணில் சாம்பல் நிறத்தில் இழுத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போயிருப்பார். ஒரே நாளில் இதுபோல நூறு படகோட்டிகள். கடலடியிலிருந்து வெளியே எடுத்துச் சேற்றைக் கழுவியபோது அந்த ஆள் நீலமாக, துடுப்போடு, அதே இடத்தில் இருந்தார்.